நேவி அண்ணையும் நேரே இழுக்கிற றைபிளும்

டண்டினொங்கில் துவக்குக்குப் பயந்த தமிழரைவிட, நேவி அண்ணையின் துவக்குக் கதைக்குப் பயந்த தமிழர்தான் அதிகம். பெயர்தான் நேவி. அவர் எந்தக் கடற்படையிலும் இருந்ததில்லை. மன்னார்ப் பக்கத்து மீன்பிடிகாரர். படகில் அகதியாய் இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து, எங்களோடு ஒரே வாடகை வீட்டில் இருந்துகொண்டு, கோழி பக்டரியில் வேலை செய்தார்.

பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு படப் புத்தகத்தில், நூறு வருடத்துக்கு முந்திய அமெரிக்கக் கடற்படை றைபிள் ஒன்றைக் கண்டு மனுசன் மயங்கிவிட்டார்.

"மற்றத் துவக்கெண்டா பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, திரும்ப மடக்க வேணும். இது அப்பிடியில்லை தம்பி. நேரே இழு, நேரே தள்ளு. முடிஞ்சுது."

குசினியில் அகப்பையால் செய்து காட்டுவார். பருப்பு சுவரில் இருக்கும். ஊரிலிருந்து கலியாணம் பேசிய பெண்ணின் தகப்பனுக்கு, போனில் அதன் தோட்டா எவ்வளவு மெல்லியது என்று விளக்கினார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

ஒரு சனிக்கிழமை இருவரும் திரைச்சீலைக் கம்பி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் நின்றோம். கம்பி கையில் இருந்தால் அவர் சும்மா இருப்பாரா? தோளில் வைத்து இழுத்துக் காட்டினார். யாரோ போன் பண்ண, ஒரு பொலிஸ்காரி வந்துவிட்டாள். இருவருக்கும் தற்காலிக விசா. ஒரு கேஸ் எழுதினால் ஊருக்குப் பிளேன்தான்.

"அண்ணை, வாயைத் திறக்காதேங்கோ" என்றேன்.

அவர் றைபிளின் சரித்திரத்தையே திறந்தார். நான் ஒவ்வொன்றாய் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இப்போது அந்தத் துப்பாக்கி எங்கே?" என்று கேட்டாள் அவள்.

"கொஞ்சக் காலத்திலயே நேவி அதைக் கைவிட்டிட்டுது எண்டு சொல்லு. ஆமியின்ர தோட்டா அதுக்குச் சேராது." கம்பியை அவளிடம் நீட்டினார். "எங்கட கடலில நேவி சுட்டா நாங்கள் வள்ளத்துக்குள்ள குப்புறப் படுக்கிறனாங்கள். ஒரு நேவி தானாத் துவக்கை வேண்டாமெண்டு விட்டது எனக்கு வலு சந்தோசம். அதையும் சொல்லு."

சொன்னேன். அவள் கம்பியைக் கடைக் கடதாசியிலேயே திரும்பச் சுற்றிக் கொடுத்து, "வீட்டில் வைத்துக் காட்டுங்கள்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவரை எங்கேயும் தனியே அனுப்புவதில்லை; நானும் கூடப் போவேன். பொலிசுக்குப் பயந்து என்று மற்றவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில், அவர் கதைத்துக்கொண்டு வந்தால் நடக்கிற தூரம் தெரியாது; வீடு கிட்டத்தில் இருக்கிறது.