துரை கழுத்தோடு போன பலகை

பாசத்துக்கும் பொறுமைக்கும் பேர்போன அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, அத்தை மூவரும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே அத்தானும் பாப்பாவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மரியாதையெல்லாம் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் என் தோலை உரிக்கப் போகிறார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு சாமான் அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் விளக்கை ஒளித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அரிசி மூட்டை மேல் வைத்து எழுதுகிறேன் என்று புரிந்துகொள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மரப்பலகை இருக்கிறது. கயிறு கட்டிய, உள்ளங்கை அகலப் பலகை. ‘நான் தமிழ் பேசினேன்’ என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். யார் வாயில் தமிழ் வருகிறதோ அவள் கழுத்தில் அது ஏறும். அவள் இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்தால்தான் இறங்கும். வெள்ளிக்கிழமை காலை அது யாரிடம் இருக்கிறதோ அவளுக்கு எல்லார் முன்னாலும் பிரம்படி. பலகையே இல்லாமல் போய் நின்றால் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை ஒரு குளவி கொட்டியதால் அது என் கழுத்துக்கு வந்தது. குளவி கொட்டும்போது எந்தப் பாஷையில் கத்துவது என்று யோசிக்க நேரமில்லை அக்கா. அப்புறம் என்னிடம் தமிழில் பேசியது என் பெஞ்சுத் தோழி மட்டும்தான். அதுவும், “ரொம்ப வலிக்குதாடி?” என்று கேட்டாள். அவளைப் பிடித்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பலகையோடு வீட்டுக்கு வந்தால் அப்பா திட்டுவார் என்று பயந்தேன். அவரோ அதை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, “அடடா, என்ன அருமையான ஏற்பாடு!” என்றார். ஏனென்றால் வியாழக்கிழமை அப்பாவின் துரை நம் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வருவதாக இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததே அந்தத் துரையின் சிபாரிசால்தான். அதனால் அவர் வந்து போகும்வரை வீட்டிலும் இதே சட்டம் என்று அப்பா அறிவித்தார். “தமிழ் பேசறவங்க கழுத்துல இது ஏறும். இனிமே ஒரு வார்த்தை தமிழ்ல வரக் கூடாது!”

அத்தை உடனே எழுந்து வந்து பலகையை அவர் கழுத்திலேயே மாட்டினார். “நீ இப்போ எதுலடா சொன்னே, தம்பி?”

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. பகலில் பலகை என்னோடு பள்ளிக்கூடம் போய் வரும், வந்ததும் வீட்டில் கழுத்து கழுத்தாக ஏறும். அத்தை பலகை வாங்காத வேளையே கிடையாது. “கழுத்துக்கு ஒரு சங்கிலி பண்ணிப் போடுடான்னு எத்தனை வருஷமா கேட்கறேன், கடைசியில கட்டையைப் போட்டுட்டான்” என்று சொல்லிச் சொல்லியே இன்னும் இரண்டு முறை வாங்கினார். அம்மா ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார். பாத்திரத்தில் ஒரு தட்டு தட்டினால் சாப்பிட வா, இரண்டு தட்டினால் தண்ணீர் பிடி, விடாமல் தட்டினால் பால் பொங்குகிறது. வாசலில் யார் எது கேட்டாலும் பத்திரமாக இருக்கட்டும் என்று ‘எஸ்’ என்றே சொன்னார். பழைய சாமான்காரர் எட்டிப் பார்த்து, “அந்த நாற்காலியை எடுத்துக்கட்டுமாம்மா?” என்றார். அம்மா எஸ் என்றார். துரை உட்காருவதற்கென்றே அப்பா மெருகேற்றி வைத்திருந்த நாற்காலி அது. போயே போய்விட்டது.

அக்கா, அடியை விட எனக்கு இந்தச் சத்தமில்லாத வீடுதான் பயமாக இருக்கிறது. நீ இருந்தபோது எப்படி இருந்தது! அப்பா தலைமை குமாஸ்தா ஆவதற்கு முன்னால், சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதுமே ஆபீஸ் முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவாரே. துரை குடையை ஊன்றி நடப்பது, பியூன் பைலைத் தேடுவதுபோல் தூங்குவது, எல்லாம் நடித்துக் காட்டுவாரே. உனக்குச் சிரித்துச் சிரித்து மூக்கில் தண்ணீர் ஏறும். அம்மா முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரிப்பார். விளக்கை அணைத்த பிறகும் ஒரே போர்வைக்குள் நாம் பேசிக்கொண்டிருப்போம். “ரெண்டு பேரும் இப்ப வாயை மூடலேன்னா!” என்று அம்மா கத்துவார். இப்போது அந்தப் போர்வை முழுக்க எனக்குத்தான். பேச ஆள் இல்லை. அப்பா உனக்கு எழுதும் கடிதம்கூட ஆங்கிலத்தில்தான் போகிறது. அத்தான் படித்துச் சொன்னால்தான் உனக்கே புரியும் என்று போனமுறை வந்தபோது சொல்லி அழுதாயே.

சரி, துரை வந்ததைச் சொல்கிறேன். இன்று சாயங்காலம் வந்தார். நாற்காலி இல்லாததால் தகரப்பெட்டி மேல் உட்காரவைத்தோம். அவர் அசையும்போதெல்லாம் பெட்டி இடி இடித்தது. அப்பா “எஸ் சார்” என்றார். அம்மா “எஸ்” என்றார். அத்தை பலகையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்து, துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நம் வாசல்நிலை எவ்வளவு தாழ்வு என்று உனக்குத் தெரியும். அவர் எவ்வளவு உயரம் என்று நிலைக்குத் தெரியவில்லை. ணங்கென்று இடித்தது.

“ஐயோ, மண்டை போச்சே!” என்றார் துரை. சுத்தமான தமிழில்.

அப்பா சிலையாகிவிட்டார். அத்தை ஆகவில்லை. முந்தானைக்குள்ளிருந்து பலகையை எடுத்து, குனிந்து தலையைத் தடவிக்கொண்டிருந்த துரையின் கழுத்தில் மாட்டிவிட்டார். “வீட்டுச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று வேறு சொன்னார்.

துரை பலகையைத் தூக்கிப் படித்தார். அப்பாவின் உத்தியோகம் போயிற்று என்று நினைத்தேன். துரை கோபப்படவில்லை. “எங்க ஆயா இருந்தா இப்ப ஊதி விட்டிருப்பா” என்றார். அவர் இங்கேதான் பிறந்தாராம். ஏழு வயதில் கப்பலேற்றி அனுப்பும்வரை ஆயாவோடு தமிழ்தானாம். சொன்னபோது அவர் முகம், விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்படாத பிள்ளையின் முகம்போல் இருந்தது. அடுத்த நிமிஷமே தொண்டையைச் செருமி, ஆங்கிலத்துக்குத் திரும்பி, தொப்பியை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். பலகையோடு!

அப்பாவுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. கைகூப்பியபடியே வண்டி மறையும்வரை நின்றார். நான் நாளை எதைக் கொண்டு போவேன்? துரை கழுத்தில் இருக்கிறது என்று சொன்னால் பொய்க்கும் சேர்த்து அடிப்பார்கள். எப்படியும் என்னைத் துரத்திவிடுவார்கள். அதனால் அத்தானை அனுப்பி என்னை அழைத்துக்கொள். பாப்பாவைத் தூங்கவைப்பேன், பாத்திரம் தேய்ப்பேன். சம்பளமாக ராத்திரியில் என்னோடு கொஞ்சம் பேசினால் போதும். பெரியவர்களுக்கு என் வணக்கங்கள். பாப்பாவுக்கு முத்தங்கள், எச்சில் படாமல்.

உன் பாவப்பட்ட தங்கை.

பின்குறிப்பு: மேலே கேட்டதை மறந்துவிடு. கையெழுத்துப் போடும்போது அப்பா உள்ளே வந்துவிட்டார். என்னைத் தேடி வரவில்லை. யார் காதிலும் விழாமல் பேசிப் பழக வந்தாராம். விடிந்ததும் துரையின் பங்களாவுக்குப் போய்ப் பலகையைக் கேட்கப் போகிறார். மூட்டை மேல் உட்கார்ந்து, “எஸ் சார், சாரி சார், தேங்க் யூ சார், இவ்வளவுதாம்மா இத்தனை வருஷமா சொல்லியிருக்கேன். ‘எங்க சாமானைத் திருப்பிக் கொடுங்க’ன்னு கேட்டதே இல்லை. அதை எப்படிச் சொல்றது? நீதானே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல படிக்கறே?” என்றார். “எங்களுக்கும் அந்தப் பாடம் இன்னும் வரலைப்பா” என்றேன். இருவரும் சேர்ந்து முயன்றோம். எப்படி ஆரம்பித்தாலும் ‘தேங்க் யூ’வில்தான் போய் முடிந்தது. அப்போது கதவருகே அம்மாவின் குரல்: “தமிழ்லயே கேளுங்களேன். மண்டையில இடிச்சா அவருக்கும் அதானே வருது.” அப்பா சிரித்த சிரிப்பில் அத்தையும் எழுந்து வந்துவிட்டார். இப்போது நான்கு பேரும் இங்கேதான் இருக்கிறோம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதால் எனக்கு எழுத்து ஓடவில்லை. அப்பா தமிழிலேயே கேட்பதாக முடிவாகிவிட்டது. ஆகவே அத்தானை அனுப்ப வேண்டாம். கேட்டதற்காக வேலை போய்விட்டால் நாங்களே எல்லாரும் வந்துவிடுகிறோம். முன்னறையைக் காலி பண்ணி வை. அத்தைக்கு ஜன்னல் ஓரம் வேண்டுமாம்.