மெதுவாவும் மூன்று ஜோடி டயர்களும்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் கவலைப்படுவதற்கென்றே ஒருவர் பிறந்திருந்தார் என்றால் அது மெதுவாதான். மற்றவர்கள் பெண்ணின் கல்யாணத்துக்காகவும் பொய்த்துப்போன மழைக்காகவும் கவலைப்படுவார்கள். மெதுவா புல்லுக்காகக் கவலைப்பட்டே பாதியாக இளைத்தவர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. சுற்றிலும் வயலும் ஏரியும், நடுவில் எங்கள் கொட்டகைகள், முகப்பில் இரண்டு ஏக்கர் புல்வெளி. டிராக்டரின் பின்னால் புல்வெட்டும் இயந்திரத்தை மாட்டி அதை ஓட்டுவது மெதுவாவின் வேலை. தற்காலிக ஊழியர். யார் புல்லில் கால் வைத்தாலும் எங்கிருந்தாவது "மெதுவா, மெதுவா" என்று அவர் குரல் வரும். அதுவே பெயராகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

சிக்கல் டிராக்டருக்குப் புது டயர் வாங்கியதில் தொடங்கியது. அது உழவு டயர். சேற்றைக் கவ்விப் பிடிப்பதற்காக விரற்கடை உயரத்துக்குத் தடித்த ரப்பர் பட்டைகள். மழை பெய்து இளகியிருந்த புல்வெளியில் அதை ஓட்டியதும், நெல் நடத் தயாரான நிலம் மாதிரி ஆகிவிட்டது. நிர்வாக மேலாளர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெதுவாவைக் கூப்பிட்டு, "அடுத்த மாதம் வெளிநாட்டுக் கூட்டாளிகள் வருகிறார்கள். அன்றைக்குப் புல்லில் ஒரு கோடு தெரிந்தாலும் மறுநாள் நீ கேட்டுக்கு வெளியே" என்றார்.

மெதுவா நேராக ஸ்டோர்ஸுக்கு வந்தார்.

"சார், புல்லு நோவாத டயரு ஒண்ணு வோணும்."

"அப்படி ஒரு டயர் பட்டியலில் இல்லையே அண்ணே."

"அப்போ நாமதான் கண்டுபுடிக்கணும். உன் பின்னாடி மொட்ட டயரு ஒரு ஜோடி கெடக்குதே, அத எடு. எது நோவுதுன்னு பாத்துடலாம்."

எப்படிப் பார்ப்பது என்று நான் கேட்பதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். முதுகின் மேல் டயரை உருட்ட வேண்டுமாம். நான் மாட்டேன் என்றேன். "நீ உருட்டலன்னா நான் வெளியே போய்டுவேன் சார், பரவால்லியா" என்றார். வாட்ச்மேனும் நானும் இருபுறமும் தாங்கிப் பிடித்து உருட்டினோம். மொட்டை டயர் தடமே விடவில்லை. உழவு டயர் ஏறி இறங்கியதும் முதுகில் ஏணிப்படி மாதிரி சிவப்புக் கோடுகள். "இதான் சார் புல்லுக்கும்" என்றார், வலியோடு ஒரு திருப்தியும் சேர்ந்த குரலில்.

மறுநாள் காலை அவர் மனைவி கேட்டில் நின்றார்.

"எங்க வூட்டுக்காரர யார் அடிச்சது? முதுவு பூரா வார் வாரா கீது."

"அடிக்கவில்லை அம்மா. டயர்."

"டயரால அடிப்பீங்களா? இன்னா கம்பெனி இது?"

அவரை அனுப்பி வைப்பதற்குள் ஷிப்ட் சங்கு ஊதிவிட்டது.

மொட்டை ஜோடியை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். சமதரையில் அருமை. கொடிக்கம்பத்துப் பக்கத்துச் சரிவில் பிடிப்பில்லாமல் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. தோசைக்கல் அளவுக்குப் புல் வேரோடு பெயர்ந்து வந்தது. மெதுவா இறங்கி வந்து அந்தத் துண்டை இரண்டு கையாலும் தூக்கி, இருந்த இடத்தில் வைத்து அழுத்தினார்.

"நடுத்தரமா ஒண்ணு வோணும் சார். பாதி தேஞ்சது. காத்தையும் கொஞ்சம் எறக்கிட்டா பரவி ஒக்காரும். பாரம் ஒரே எடத்துல எறங்காது."

பாதி தேய்ந்த டயர் மண்ணூரில் அவருக்கு மாமன் முறையாகும் விவசாயி ஒருவரிடம் இருந்தது. எங்கள் புது ஜோடியைக் கொடுத்து அதை வாங்கி வருவது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் மெதுவா. கேட் பாஸில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். வேலை நிரந்தரமாகி எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது டயர் வெளியே, பழைய டயர் உள்ளே. எவன் பார்த்தாலும் திருட்டு என்பான். மேலே கேட்டால் மறுப்பார்கள், நாளோ நெருங்கிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மண்ணூர்க்காரர் புது டயரை முகர்ந்து பார்த்தார்.

"புச்ச குடுத்துட்டு பழச கேக்குற. எங்க இஸ்துகினு வந்தே?"

"கம்பெனி டயரு மாமா. சார் ஸ்டோர்ஸ்ல கீறாரு, அவரையே கேளு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவரு இன்னாத்துக்கு இப்படி நடுங்குறாரு?"

கடைசியில் வல்லக்கோட்டை முருகன் மேல் நான் சத்தியம் செய்த பிறகுதான் டயரைக் கழற்ற விட்டார்.

விருந்தினர் வரும் நாளுக்கு முந்தைய மாலை மழை கொட்டியது. காலையில் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், மெதுவா புல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "ஈரம் கீது. இன்னும் கொஞ்சம் காயட்டும்." விருந்தினர் பதினொன்றுக்கு வருகிறார்கள். ஒன்பதரைக்குத்தான் வண்டியில் ஏறினார். திருப்பங்களில் வட்டமாகத் திருப்பி, சரிவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார். வண்டியைக் கொட்டகைக்குள் விடுவதற்கும் கார்கள் கேட்டில் நுழைவதற்கும் சரியாக இருந்தது. புல்வெளியில் ஒரு கோடு இல்லை.

அதோடு முடிந்திருக்கும். வந்தவர்களில் ஓர் அம்மாள் குதிகால் உயர்ந்த செருப்போடு புல்லில் இறங்கினார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு துளை. குரோட்டன்ஸ் செடிக்குப் பின்னாலிருந்து மெதுவா ஓடி வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, "மெதுவா" என்றார். அந்த அம்மாள் மலர்ந்துபோய், தானும் கைகூப்பி, "மெதுவா" என்றார். இது நம் ஊர் வணக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, பின்னால் வந்த அத்தனை பேரும் எங்கள் மேலாளரைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக "மெதுவா" என்றார்கள். அவரும் வேறு வழியின்றிக் கைகூப்பி, விறைப்பாக, "மெதுவா" என்றார்.

இரண்டு நாள் கழித்து கேட் பதிவேடு அவர் மேசைக்குப் போயிற்று. என்னைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே எனக்கு முன்பே மெதுவா நின்றுகொண்டிருந்தார்.

"உன்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதாகச் சொல்கிறான். உண்மையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெதுவா முந்தினார். "அவருக்கு டயரப் பத்தி இன்னா சார் தெரியும்? புச்சு உள்ள வருது, பழசு வெளிய போவுதுன்னு சொன்னேன். நம்பிட்டாரு. அனுப்புறதுன்னா என்னிய அனுப்பு." துண்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இல்லை சார். தெரிந்துதான் போட்டேன்" என்றேன்.

மேலாளர் ஜன்னல் வழியாகப் புல்வெளியைப் பார்த்தார். பிறகு பதிவேட்டை மூடி, "ரெண்டு பேரும் போங்க" என்றார். அதைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

வெளியே வந்ததும் மெதுவா என்மேல் பாய்ந்தார்.

"நீ ஏன் சார் வாயத் தொறந்தே? உனக்கு இப்பதானே வேல பர்மனெண்டு ஆச்சு. அந்தக் கையெழுத்து வாங்கினதுலேந்து நான் ஒரு பொட்டு தூங்கல, தெரியுமா?"

அவர் கவலையெல்லாம் புல்லுக்காகத்தான் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.