மீசையை எடுத்துவிட்டுக் கப்பலேறவும்

முனியாண்டி துணை

சேரங்கோடு,
ஆனி மாதம், மழை.

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் பரமசிவன் அவர்களுக்கு, கடல் தாண்டி வந்த மைத்துனன் நல்லசாமி வாயால் சொல்ல, இங்கே பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பியாட்ரிஸ் அம்மா கையால் எழுதுவது. இவ்விடம் நானும் உங்கள் தங்கை வீரம்மாவும் அட்டைக்கடி நீங்கலாகச் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்தையும் உங்கள் இடுப்பின் சுகத்தையும் அறிய ஆவல்.

பாஸ்போர்ட் கிடைத்து அடுத்த மாதம் கப்பலேறுகிறீர்கள் என்ற கடிதத்தை பியாட்ரிஸ் அம்மாவைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். மிகவும் சந்தோஷம். ஒரே ஒரு வேண்டுகோள். மச்சான், வரும்போது மீசையை எடுத்துவிட்டு வரவும். கோபப்பட்டுக் கடிதத்தைக் கிழிக்காமல், வாசிப்பவரை மேற்கொண்டு வாசிக்கச் சொல்லவும்.

விஷயம் என்னவென்றால், இந்த லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் அக்கரையில் ஆளுக்கொரு தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தவர்கள், நம் தோட்டத்து ஆட்கள் என்று நாங்கள் இருவர் மட்டும்தான். ஆடியில் முனிக்குப் பூசை போடவேண்டும் என்று கூட்டம் கூடினால், எல்லோருடைய முனியும் கல்லாக அக்கரையிலேயே நிற்கிறார். நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாதவரை டிரங்குப் பெட்டியிலா கொண்டுவருவது? சரி, படமாகச் செய்து வைப்போம் என்றார்கள். ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டிமேல் எழுத்து வெட்டிய தகட்டை வைத்து மை அடித்தவன் நான் என்று வாயை விட்டேன். எழுத்து தெரியாமலே அத்தனை பெட்டிக்கு எழுதியவனுக்குச் சாமி முகமா வராது என்ற நினைப்புதான். உடைந்த பெட்டிப் பலகை ஒன்று, நிறத்துக்குக் கொதிக்க வைத்த தேயிலைச் சாயம், மேலாடைக்கு வேட்டிக்குப் போடும் நீலம், அரிவாளுக்குப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத்தாள், காதுக்குச் சாக்கு, கண்ணுக்கு வளையல் துண்டு, நெற்றிக்கு வீரம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நம் முனியடி மண். மீசைக்கு, வீரம்மா தலைவாரிச் சுவர் இடுக்கில் சுருட்டி வைத்திருந்த முடி.

மச்சான், இங்கே மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, கதவு வழியாக நடந்தும் வருகிறது. மைதாப் பசை காயவே இல்லை. காயாத பசையை ஆடு நக்கியது, நக்கியதோடு விட்டதா என்றால் சாமியின் வலது காதையும் தின்றுவிட்டது. புதுக் காது வைத்தேன், பூஞ்சணம் பிடித்து முனி பச்சைத் தாடி வளர்த்தார். துடைத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன், புகையில் தும்மியவன் நான், கண் கலங்கியவர் அவர், பசை இளகி வளையல் துண்டு நகர்ந்து ஒரு கண் மாறுகண்ணாகிவிட்டது. டீக்கடை கருப்புசாமி வந்து, "பசையில கொஞ்சம் வெல்லத்தப் போடுங்க பெரியவரே, கெட்டியாப் புடிச்சுக்கும்" என்றார். போட்டேன். விடிந்து பார்த்தால் எறும்புகள் மீசையை வரிசையாகத் தூக்கிக்கொண்டு போகின்றன! அப்போது நான் சொன்ன வார்த்தையை பியாட்ரிஸ் அம்மா எழுதமாட்டேன் என்கிறார். எறும்பிடமிருந்து பிடுங்கிய முடியை மறுபடி ஒட்டியதில் வலது பக்கம் விறைத்து நின்றது, இடது பக்கம் வழுக்கித் தொங்கி அப்படியே காய்ந்துவிட்டது.

கருப்புசாமி பார்த்துவிட்டு, "ஏனுங்க, முனி ஏனுங்க பஸ்ஸ உட்டவராட்டம் நிக்கிறாரு?" என்றார். பலகையை உடைத்து அடுப்பில் வைக்கக் கத்தியைத் தூக்கினேன். அந்த நேரம் கொழுந்து எடுத்துவிட்டு வந்த வீரம்மா கூடையைக் கீழே போட்டு, "ஐயோ, எங்க அண்ணே! அச்சு அசல் எங்க அண்ணே!" என்றாள். பார்த்தால் நீங்கள்தான் மச்சான். அதே மாறுகண். என் கல்யாணத்தன்று வாணம் பட்டுக் கருகி அதிலிருந்து தொங்கிப்போன அதே இடது மீசை. (வாணத்தைக் கொளுத்தியது நான் என்று இன்னும் சொல்கிறீர்கள். அது காற்று.) உங்களை விட்டுவிட்டுக் கப்பலேறிய நாளிலிருந்து என்னிடம் "ம்" என்ற ஒரே சொல்லில் குடும்பம் நடத்தியவள், அன்று தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது தினமும் படத்துக்கு முன் தேத்தண்ணி வைத்து என்னைப் பற்றிக் குறை சொல்கிறாள். முனியும் உங்களைப் போலவே எனக்காக ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இதற்குள் காணாமல்போன மாடு ஒன்று கிடைத்துவிட்டதால் முனிக்கு நல்ல பெயர். லயமே வந்து கும்பிடுகிறது. நீங்கள் அதே முகத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கி, ரேஷன் வரிசையில் நின்று சண்டை போட்டு, ராத்திரி தகரம் அதிரக் குறட்டை விட்டால் என் கதி என்ன? "மச்சானைச் செஞ்சு வச்சு எங்களையா கும்பிட வச்ச?" என்று மலையைவிட்டே இறக்கிவிடுவார்கள். ஒரு கடல் தாண்டியது போதாதா? ஆகையால் கப்பலேறும் முன்பே, தவறினால் இக்கரையில் இறங்கித் தங்கும் மண்டபம் முகாமிலாவது மீசையை எடுத்துவிடவும். மாறுகண்ணை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

அங்கே உள்ள பெரியவர்களுக்கு என் கும்பிடு, சிறியவர்களுக்கு ஆசி, கேட்காதவர்களுக்கும் என் விசாரிப்பு. கடல் அலையாமல், பெட்டி தொலையாமல், நீங்கள் வந்து சேர முனி காவல் இருப்பார்.

இப்படிக்கு,
நல்லசாமி (கைநாட்டு)

பி.கு.: மழையில் தபால் போகவில்லை, அதற்குள் எல்லாம் மாறிவிட்டது. பியாட்ரிஸ் அம்மா இதை உரக்க வாசித்துக் காட்டியபோது வீரம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். "முடி என்னோடது, மீசை எங்க அண்ணனோடது, இதுல ஒங்களுக்கு என்ன இருக்கு?" என்று முனியின் மீசையைப் பிய்த்து எடுத்துவிட்டாள். கருப்புசாமி பதறி, "ஏனுங்கம்மா, மீசையில்லாத முனி எந்தூர்லீங்க இருக்குது?" என்றார். "கடல் தாண்டி நல்லபடியா வந்து சேந்ததுக்குச் சாமி நேந்துக்கிட்டு மீசைய எறக்கியிருக்கு. நீங்க கப்பல்ல வந்திருந்தாத் தெரியும்" என்றாள். லயம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் தள்ளுபடி. மீசையோடேயே வரவும்.

ஆனால் மீசை போன முனி இப்போது, மாறுகண் நீங்கலாக, மீசையே வைக்காத என்னைப் போல அச்சாக இருக்கிறார். குழாயடியில் என்னைக் கண்டால் பெண்கள் குடத்தை இறக்கிவிட்டுக் கும்பிடுகிறார்கள். படத்துக்கு வைக்கும் தேத்தண்ணியை வீரம்மா இன்று என் கையிலேயே கொடுத்துவிட்டாள், குறையையும் நேரிலேயே சொல்லிவிட்டாள். பஸ் நிற்கும் இடத்தில் அரைகுறை மீசையோடு ஒருவன் நின்றால் தயங்கவேண்டாம் மச்சான், அது நான்தான். வளர்க்க ஆரம்பித்துவிட்டேன்.