பலகைக்கு இடமில்லாத கம்ப்ரஸர்

ஆற்றல் அடர்த்தி என்றால் வேறொன்றுமில்லை. உடம்பு சின்னது, வேலை பெரிது. அரசு அலுவலகங்களில் இதற்கு நேர் எதிரானதே வழக்கம் என்பதால், இதை மேம்படுத்தத் தனிப் பிரிவே அமைத்திருந்தார்கள்.

அந்தப் பிரிவின் பொறியாளர் அம்மா மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, பீரோ அளவு கம்ப்ரஸரைத் தையல் மெஷின் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஸ்கேன் இயந்திரத்தின் காந்தத்தை மைனஸ் இருநூற்றறுபது டிகிரிக்கும் கீழே குளிர வைக்கிற கெட்டிக்கார கம்ப்ரஸர் அது. இனி ஸ்கேனை வண்டியில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பலாம். நோயாளிகள் பஸ் மாறி பஸ் மாறி வந்து சாக வேண்டாம். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆய்வு அதிகாரி வந்தார். இயந்திரத்தைச் சுற்றிப் பார்க்க இரண்டே எட்டு போதுமாக இருந்ததில் அவருக்கு வருத்தம்.

"எல்லாம் சரிதாம்மா. பலகை எங்கே மாட்டுவீங்க?"

"எந்தப் பலகை சார்?"

"சொத்து எண், எச்சரிக்கை, திறந்து வைக்கிறவர் பேரு. மூணு பலகையும் மூணடிக்கு ரெண்டடி. விதி."

"மெஷினே ஒன்றரை அடிதானே சார்!"

"பாத்தீங்களா, குறையை நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"பலகையைச் சின்னதாக்கிடலாமே?"

"திறந்து வைக்கிறவர் பேரைச் சின்னதாக்கணுமா? நீங்க சொல்லலை, நான் கேக்கலை."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஆறடியில் ஒரு இரும்புக் கூண்டு செய்வித்தார். உள்ளே ஒரு மூலையில் கம்ப்ரஸர், மீதியெல்லாம் காற்று. மூன்று பலகையும் ஜம்மென்று உட்கார்ந்தன. ஒப்புதல் அன்றே வந்தது, பாராட்டுதலுடன்.

வண்டி டிரைவர்தான் வந்து நின்றார். "மேடம், இது வண்டிக் கதவுலயே நுழையலை."

"கூண்டைக் கழட்டிடுங்க!"

அதிகாரி பதறிப்போனார். "ஐயையோ! ஒப்புதல் கூண்டுக்குத்தாம்மா. உள்ளே இருக்கிறது வெறும் இணைப்பு."

அம்மா ராஜினாமாவே எழுதிவிட்டார். அதைக் கொடுக்கப் போன இடத்தில் வேறொரு உத்தரவை அவர் கையில் கொடுத்தார்கள்: வண்டியின் குறைபாடுகளை ஆராயும் குழுவுக்கு அவரே தலைவர். பதவி உயர்வு உண்டு, தனி அறை உண்டு. அறையை எட்டிப் பார்த்தார். ஏசி நன்றாகவே இருந்தது.

பதினோரு மாத ஆராய்ச்சிக்குப் பின் அறிக்கை வந்தது. 'வண்டி தேவைக்கு மேல் சிறியதாக உள்ளது. நோயாளிகள் முன்போலவே தலைமையிடம் வந்து பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' கீழே அம்மாவின் கையெழுத்து, அழகாக.

நோயாளிகள் வந்தார்கள். வரிசையில் நின்றபடி கூண்டை அண்ணாந்து பார்த்து அசந்துபோனார்கள். "அடேங்கப்பா, எவ்வளவு பெரிய மெஷின்! இதுக்கு எவ்வளவு தூரம் வேணும்னாலும் வரலாம்."