அபூ மிஷாரியின் குழாய்த் திருத்தம்

வாசகரே, மோட்டார் கார் வைத்திருக்கும் மாந்தருள் ‘இது எதுக்கு?’ என்றோர் இனம் உண்டு. வியாழன் மாலையானால் எங்கள் குவைத்தின் ஷுவைக் பட்டறைத் தெருவில் இவ்வினத்தைக் கூட்டமாகக் காணலாம். பழைய அமெரிக்கக் கார், அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய எஞ்சின், வெள்ளைத் திஷ்தாஷா அங்கியில் கிரீஸ் கறை: இம்மூன்றும் ஒருங்கே தென்பட்டால் ஐயமே வேண்டாம்.

என் அக்காள் உம் ஃபைசலின் மருமகன் அபூ மிஷாரி இவ்வினத்தின் திலகம்; தம் பழைய காரில் அண்மையில்தான் பெரிய எஞ்சின் ஒன்றை ஏற்றியிருந்தார். எஞ்சின் மூச்சிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டே பிரேக்கை இலகுவாக்கவும், குளிர்காற்று வீசும் திசையை மாற்றும் கதவுகளைத் திருப்பவும் காரைப் படைத்தவர்கள் வகுத்திருந்த கறுப்பு ரப்பர்க் குழாய்கள் அவர் கண்ணை உறுத்தின. அத்தனையையும் பிடுங்கினார், ஒரே நீல நிறத்தில் புதியன வாங்கினார், ஒன்றையொன்று குறுக்கே தாண்டாமல், சீப்பால் வாரிவிட்டதுபோல் படிய வைத்தார். இனி எது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துதான் ஆகவேண்டுமா என்ன? அழகாக இருந்தது.

பிடுங்கியவற்றுள் ஒரு குழாயின் நடுவே, காற்றை ஒரு பக்கம் மட்டுமே விடும் சிறு வால்வு ஒன்று இருந்தது. “இது எதுக்கு?” என்றார். எங்கள் ஆண்கள் கூடிப் பேசும் திவானியாவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாத பொருள் தேவையற்ற பொருள், குப்பைக்குப் போயிற்று.

இந்நிலையில்தான் அவர் மனைவி முனீரா தீர்ப்பை வழங்கினாள். வெள்ளிக்கிழமை மதிய உணவுக்குத் தன் தாயை இக்காரிலேயே கைரான் கடற்கரை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் அம்மாவுக்கு ஒரு துளி வேர்த்தாலும் கார் அம்காரா பழைய இரும்புக் கிடங்குக்கு.

முன்னிருக்கையில் அக்காள், பின்னால் முனீராவும் நானும். நெடுஞ்சாலையில் ஏறியதும் அபூ மிஷாரி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். முகத்தில் வீசிய குளிர்காற்று எழுந்து முன்கண்ணாடிக்குப் போய்விட்டது. காலைத் தளர்த்தினார், திரும்பி வந்தது. மீண்டும் அழுத்தினார்; மீண்டும் போயிற்று. அழுத்தினால் எஞ்சினின் வெற்றிடம் குறையும், அப்போது அதைக் கசியாமல் பிடித்துவைப்பதே குப்பைக்குப் போன அந்த வால்வின் வேலை என்பதைப் பிற்பாடுதான் நான் அறிந்தேன்.

“ஏன் மகனே, என்னைவிடக் கண்ணாடிக்குத்தான் ரொம்ப வேர்க்குதோ?” என்றாள் அக்காள்.

“புது எஞ்சின் அத்தை. கொஞ்சம் பழகணும்.”

“நல்லாப் பழகட்டும். அம்காராவுல அதுக்குக் கூட்டாளிங்க நிறைய இருக்காங்க,” என்றாள் முனீரா.

அதன்பின் அவர் வலக்கால் முட்டையின்மேல் வைத்ததுபோல் அசையாதிருந்தது. தர்ப்பூசணி லாரி எங்களைக் கடந்தது. தண்ணீர் லாரி கடந்தது. அதன் ஓட்டுநர் இரக்கத்தோடு கையசைத்தார். அக்காளோ அபாயாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிரில் உறங்கியே போனாள்.

நாங்கள் கைரான் சேர்ந்தபோது மீன் போட்டுச் சமைத்த மச்பூஸ் சோறு தீர்ந்து, அண்டாவின் அடியில் தீய்ந்த சோறு மட்டுமே இருந்தது. அக்காள் கண்விழித்தாள், நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

“எந்தக் காருலயும் நான் இப்படிக் குளுகுளுன்னு வந்ததில்ல. இதப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னது யாரு?”

முனீரா தீய்ந்த சோற்றைச் சுரண்டத் தொடங்கினாள்.

கார் பிழைத்தது. அபூ மிஷாரி பாடம் கற்றாரா? கற்றார். மறுநாள் ஆக்ஸிலரேட்டரை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எதுக்கு?” என்றார்.

சிரிக்கிறீர்கள். நன்று. மின்விசிறியையோ மிக்ஸியையோ தாங்களே பழுதுபார்த்து மூடியபின் மிஞ்சிய அந்தத் திருகு, இப்போது தங்கள் மேசை இழுப்பறையில்தானே கிடக்கிறது? “அது இல்லாமலே ஓடுகிறதே” என்கிறீர்களா? ஓடும். அழுத்தி மட்டும் ஓட்டாதீர்கள்.