ரிக்குக்காரர் போட்ட பன்

மல்லசமுத்திரத்தில் ரிக்குக்காரரைவிடப் பிடிவாதமான ஆள் ஒருவர் உண்டென்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கருங்கல் பாறையே அவரிடம் பலமுறை விட்டுக்கொடுத்திருக்கிறது. வெளிமாநிலங்களில் வருடக்கணக்காக ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, ரிக் வண்டியைக் கூட்டாளியிடம் ஒப்படைத்து ஊர் திரும்பியவர். நான் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

அவர் வந்த நேரம், மனைவிக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மணி டீயில் பன்னைத் தொட்டுச் சாப்பிடுவதுதான் அந்த அம்மாவின் ஒரே ஆடம்பரம். அதுவும் கூடாது என்றாகிவிட்டது. அம்மா டீயையே நிறுத்திவிட்டார். ரிக்குக்காரருக்கு அது தாங்கவில்லை.

"சர்க்கரை ஏறாத பன்னுன்னு ஒண்ணு இருக்குதாமுங்க. போன்ல பார்த்தேன். நானே போடறேன்" என்றார் என்னிடம். போர் போடுவதும் பன் போடுவதும் அவருக்கு ஒன்றுதான். கூட்டாளி வேலைக்குக் கூப்பிட்டபோதும், "பன்னு ஒழுங்கா வரட்டும், அடுத்த நாளே கெளம்பி வாரேனுங்க" என்று சொல்லிவிட்டார்.

அடுத்தவர் அடுப்படியில் என்ன நடக்கிறதென்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதல் நாளே போய் நின்றுகொண்டேன். புது ஓவனுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, வாசலில் தேங்காய் உடைத்தார். அதன் பிறகுதான் பிளக்கைச் சொருகினார்.

முதல் பன் பிரமாதம். வெள்ளை வெளேரென்று பஞ்சாக இருந்தது. அம்மா ஆசையாகச் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எங்கேயோ போய் நின்றது.

"என்ன மாவுங்க போட்டீங்க?" என்றேன்.

"அரிசி ஆகாது, கோதுமை ஆகாதுன்னாங்க. அதான் நம்மூரு குச்சிக்கிழங்கு மாவு. மண்ணுக்குள்ள வெளையறதுங்க, அது என்ன பண்ணும்?"

மண்ணுக்குள் இருக்கிற எதுவும் கெடுதல் செய்யாது என்பது அவர் தொழில் நம்பிக்கை. சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகளை வைத்துக்கொண்டு, அந்த மரவள்ளிக் கிழங்கே மாவுச்சத்துதான் என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அடுத்து எண்ணெய் எடுத்த நிலக்கடலை மாவு, நாமக்கல் முட்டை, மலச்சிக்கலுக்குத் தருகிற இசப்கோல் உமி என்று இறங்கினார். மருந்துக் கடைக்காரர் அவர் வயிற்றை நினைத்துக் கவலைப்படும் அளவுக்கு இசப்கோல் வாங்கினார். போர் போடும்போது ஆழத்துக்கு ஆழம் வருகிற மண்ணைத் தனித்தனிக் குவியலாகப் போட்டுப் பார்ப்பார்கள் அல்லவா? அதேபோல் பன்னைச் சுரண்டிச் செய்தித்தாளில் வரிசையாகக் குவித்தார்.

"மேல செம்மண்ணுங்க. நடுவுல சேறு. அடியில நல்ல பாறை" என்று அறிக்கை கொடுத்தார்.

வெந்துவிட்டதா என்று பார்க்க, நிலத்தடியில் நீரோட்டம் பார்க்கிறவர்போல் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு பன்னைச் சுற்றி நடந்தார். தேங்காய் எழுந்து நின்றதாம். "உள்ளுக்குள்ள இன்னும் ஈரம் ஓடுதுங்க" என்று மறுபடியும் ஓவனுக்குள் தள்ளினார். அந்தப் பன்னைத் தெரு நாய்க்குப் போட்டேன். அது மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

ஆனால் ஆள் விடவில்லை. ஒருநாள் பன் நிஜமாகவே பன்னாக வந்தது. சர்க்கரையும் ஏறவில்லை. அம்மா டீயில் தொட்டு மென்றார். தண்ணீர் பீறிடுமா என்று பார்க்கிறவர்போல் ரிக்குக்காரர் எதிரே நின்றார்.

"எப்படி அம்மிணி?"

"பரவால்லீங்க. உப்புத்தான் கொஞ்சம் பத்தல."

மறுநாள் உப்பைக் கூட்டினார். "கொஞ்சம் கெட்டியா இருக்குதுங்க" என்றார் அம்மா. அதற்கடுத்த நாள் முட்டை வாடை. எனக்கு மண்டை குடைந்தது. நானும்தான் சாப்பிட்டேன், ஒரு குறையும் இல்லை. அவர் முட்டை வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேவிட்டேன்.

அம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். "கல்யாணமாகி இத்தன வருசத்துல அந்த மனுசன் எங்கூட ஒக்காந்து டீ குடிச்சது இப்பத்தானுங்க சாமி. நல்லாருக்குதுன்னு சொல்லிட்டா, நாளைக்கே வண்டி ஏறிருவாரு."

அன்று நாலு மணிக்கு ரிக்குக்காரர் சுடச்சுட ஒரு பன்னை என் கையில் திணித்தார். "அவ நாக்குக்கு எட்டலீங்க. நீங்க சொல்லுங்க, முடிஞ்சுதா?"

அதைப்போல் ஒரு பன்னை நான் எந்த பேக்கரியிலும் சாப்பிட்டதில்லை. அம்மா தம்ளரைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் வேகணுமுங்க" என்றேன்.