மைக்செட் அண்ணனின் ரகசியக் கூட்டம்

உலகத்திலேயே ரகசியம் காக்கத் தெரியாத ஒரே மனிதர்தான் எங்கள் ரகசியக் கூட்டத்துக்குத் தலைவர். அங்கே யாரும் யார் பெயரையும் கேட்கக் கூடாது. அதனால் இன்றைக்கும் எனக்கு அவர் மைக்செட் அண்ணன்தான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று மைக்செட் கட்டுவது அவர் தொழில். குடியை விட்டவர்கள், விட நினைப்பவர்கள், விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஞாயிறுதோறும் கூடிப் பேசும் கூட்டத்தை நடத்துவது அவருக்கு உயிர்.

நான் மூன்றாவது வகை. அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வீட்டில் ஆளில்லாமல் போனபிறகுதான் கிளம்பினேன். மனைவி காமயகவுண்டன்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய், என் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தாள். பொழுது சாய்ந்தால் நானும் டேபிள் ஃபேனும்தான். நான் எதைச் சொன்னாலும் அது இல்லை, இல்லை என்று தலையாட்டும். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன்.

கம்பத்தில் என்னைத் தெரியாத ஆளும் இல்லை, நான் விழாத சாக்கடையும் இல்லை. ஆகவே, டாக்டர் சொன்ன சின்னமனூர் கூட்டத்துக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஓர் ஆட்டோ.

"குடியை விட விரும்பும் அன்பர்களே! இன்று மாலை சர்ச்சுக்குப் பின்னால் உள்ள ஹாலுக்கு, யாருக்கும் தெரியாமல் வாருங்கள்!"

நான் தூணோடு ஒட்டி நின்றேன். ஸ்பீக்கர் என் பக்கம் திரும்பியது.

"துண்டு போட்ட தம்பி! அங்கன ஏன் ஒளியுறீக? இங்கன வாங்க, ஆட்டோல எடமிருக்கு!"

பஸ் ஸ்டாண்டே வழிவிட்டது. போய் ஏறிக்கொண்டேன்.

ஹாலில் வட்டமாக ஏகப்பட்ட நாற்காலிகள். ஆட்களோ மைக்செட் அண்ணன், நான், ஒரு ரிட்டயர்டு வாத்தியார்.

"எதுக்குண்ணே இத்தன சேரு?"

"வாராதவுகளுக்கு. திடீர்னு வந்தாகன்னா நிக்கக் கூடாதுல்ல."

"மூணு பேருக்கு மைக்கு எதுக்குண்ணே?"

"ஏலே, கொழாய்க்கடியிலயே கெடந்து காது போச்சு. மைக்கில்லாம நீ அழுதாலும் எனக்குச் சிரிக்கிற மாதிரித்தான் தெரியும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாலில் மறுநாள் கல்யாணம். அதற்காக வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களின் ஒயரை எங்கள் மைக்கிலிருந்து கழற்ற அண்ணன் மறந்துவிட்டார். அன்றைக்குத்தான் நான் மனம்விட்டுப் பேசினேன். மச்சினன் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்கு முன்னால் மணமேடையில் ஏறி, கையில் கிடைத்த மாலையைத் தலைக்கு வைத்துத் தூங்கியது வரைக்கும் சொல்லி அழுதேன். வெளியே வந்தால் எதிர்த்த டீக்கடையே எழுந்து நின்றது.

"அண்ணே, மேடையில தூங்குனது நீங்கதானா? சரியா அந்த எடத்துல கரண்டு போயிருச்சுண்ணே. பெறகு எப்பத்தான் எந்திரிச்சீக?" என்றார் கடைக்காரர்.

மைக்செட் அண்ணனிடம் குதித்தேன். தலையைச் சொறிந்தார்.

"தப்புத்தான் தம்பி. ஆனா இனி இந்த ஊர்ல ஒருத்தனும் ஒனக்கு ஊத்தித் தரமாட்டான் பாரு."

அடுத்த வாரமே நப்பாசையில் சின்னமனூர் மதுக்கடை வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "மேடையில தூங்குனவருல்ல நீங்க? வீட்டுக்குப் போங்கண்ணே" என்று தள்ளாடியபடியே என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்.

வீரபாண்டித் திருவிழா எங்களைப் போன்றவர்களுக்குக் கண்டம். மைக்செட் அண்ணன் என்னைக் கூட்டிப்போய், காணாமல்போன குழந்தைகளை அறிவிக்கும் மைக்கின் முன்னால் உட்கார வைத்தார்.

"பிள்ளையத் தொலைச்சவுக ஒன்னயத் தேடித்தான் ஓடியாருவாக. நீ எந்திரிச்சுப் போயிருவியாலே?"

போகவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அதற்கப்புறம் வாத்தியார், தன் மகள் வீட்டோடு இருக்கப் போய்விட்டார். ஒரு ஞாயிறு நல்ல மழை. கரண்ட் இல்லை. நான் தாமதமாகப் போனேன். ஹாலுக்குள்ளிருந்து மைக்செட் அண்ணனின் குரல் மட்டும் வந்தது.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு குடிநோயாளி. காலையில இருந்து குடிக்கணும்போலவே இருக்கு. வீட்டுல பேச ஆளில்ல. போயிருவேனோன்னு பயமா இருக்கு."

எட்டிப் பார்த்தேன். அத்தனை நாற்காலியும் காலி. கொஞ்சம் இடைவெளி விட்டு, "வணக்கம்" என்று பதிலும் அவரே சொல்லிக்கொண்டார். அதுவரை, எங்களுக்காகத்தான் அவர் கூட்டம் நடத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் காதருகே, "வணக்கம்ணே!" என்று கத்தினேன்.

திடுக்கிட்டுப் போனார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சமாளிச்சுக்கிருவேன்லே. மழை வலுக்குது, நீ போய் பஸ்ஸப் புடி."

"பஸ்ஸு இல்லண்ணே. இனி விடியத்தான்."

கம்பம் ரோட்டில் ராத்திரி பூராவும் பஸ் ஓடும் என்பது அவருக்கும் தெரியும்.

"அப்பச் சரி" என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.